மணித்தியாலங்களை அவர்களின் பெயரில் எழுதுங்கள்

வாசகர் கேள்வி:

ஸ்காபரோவில் பதினான்கு ஆண்டுகளாக வீடு கட்டும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். என்னிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் நம்மவர்கள். தண்டர் பே நகருக்கு வெகு வடக்கே, பூர்வகுடி மக்களோடு அரசு செய்த ஒன்பதாம் ஒப்பந்தத்தின் நிலப்பரப்பில் இருக்கும் ஒரு முதற்குடிச் சமூகத்தில் எட்டு வீடுகளுக்கான தச்சு வேலை துணை ஒப்பந்தமாக எனக்குக் கிடைத்திருக்கிறது. அந்த ஊருக்குக் கோடையில் சிறு விமானம், குளிர்காலத்தில் பனிச்சாலை, வேறு வழியில்லை. ஊரவர் ஆறு பேரை வேலைக்கு எடுத்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் விதிகளில் ஒன்று. சென்ற கோடையில் அதே பகுதியில் செய்த ஒரு சிறு வேலைக்கு இரண்டு இளைஞர்களைச் சேர்த்திருந்தேன். பலகை தூக்கவும் குப்பை அள்ளவும் விட்டிருந்தோம். ஐந்து வாரம் ஒழுங்காக வந்தார்கள். பிறகு இருவரும் வரவில்லை. இவர்களுக்கு இந்த வேலை பழக்கமில்லை என்கிறார் என் மேற்பார்வையாளர். எங்கள் பெடியங்களுக்கு இல்லாத சலுகை இவர்களுக்கு ஏன் என்று வேலையாட்கள் முணுமுணுக்கிறார்கள். விதியைப் பெயருக்கு நிறைவேற்றிவிட்டு வர எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்பின் வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை என் கண் நின்ற இடம், 'பலகை தூக்கவும் குப்பை அள்ளவும் விட்டிருந்தோம்' என்ற வரி. உங்கள் கேள்விக்குரிய விடையில் பாதியை அந்த வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஐந்து வாரம் பலகை சுமந்த ஒருவர் ஆறாம் வாரம் வராமல் விட்டதற்கு அவருடைய குலத்திலோ பழக்கத்திலோ காரணம் தேட வேண்டியதில்லை. தொழில் பழகலாம் என்று வந்தார், அங்கே பழகுவதற்கு ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டார், போய்விட்டார். நான் ஒன்ராறியோ மாகாணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தச்சுத் தொழில் கற்பித்து வருகிறேன். அவற்றில் கணிசமான காலம் வடபகுதிச் சமூகங்களிலிருந்து வந்த மாணவர்களோடு கழிந்தது. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாமே இந்தக் கணக்கில்தான் தங்கியிருக்கின்றன. ஒன்ராறியோவில் பொதுத் தச்சர் ஒருவருக்கான பயிலுநர் காலம் 7,200 மணித்தியாலங்கள் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் 6,480 மணித்தியாலங்கள் வேலைத்தளத்தில் கழிகின்றன. எஞ்சிய 720 மணித்தியாலங்கள் வகுப்பறையில், எட்டு எட்டு வாரங்களாக மூன்று கட்டங்களில் கழிகின்றன. அதன்பின் நடக்கும் தேர்வில் 70 சதவீதம் பெற்றால் ரெட் சீல் முத்திரை கிடைக்கும். அது கனடா முழுவதும் செல்லுபடியாகும். இப்போது உங்கள் வேலையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடக்கில் கட்டும் பருவம் இருபது வாரம், வாரத்துக்கு 50 மணித்தியாலம் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு பருவத்துக்கு 1,000 மணித்தியாலங்கள்தான் வருகின்றன. அந்த வேகத்தில் தளத்தில் செய்ய வேண்டிய பயிற்சியை முடிக்க ஆறரைப் பருவங்கள் வேண்டும். ஆகவே உங்கள் எட்டு வீடுகளைக் கொண்டு ஒரு முழுத் தச்சரைக்கூட உருவாக்கிவிட முடியாது. முடியும் என்று அந்த ஊர்ச் சபைக்கு யாராவது வாக்களித்திருந்தால் அது தவறான வாக்கு. உங்களால் செய்யக்கூடியது, அந்த 1,000 மணித்தியாலங்களையும் முறையாகப் பதிவான, உங்கள் கையொப்பமுள்ள, அடுத்து வரும் எந்த முதலாளியும் ஏற்க வேண்டிய மணித்தியாலங்களாக ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டு வருவதுதான்.

இது சின்ன விடயமாகத் தோன்றலாம். ஆனால் வடக்கில் நான் சந்தித்த பலருக்கு நேர்ந்த பெரிய அநியாயம் இந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது. மின்னிணைப்பும் குழாய் பொருத்தலும் ஒன்ராறியோவில் கட்டாயத் தொழில்கள். பயிலுநராகப் பதிவு செய்யாதவரோ உரிமம் இல்லாதவரோ அந்த வேலையில் கை வைக்கக்கூடாது. பொதுத் தச்சுத் தொழில் அந்த வகையைச் சேர்ந்ததன்று. பதிவு எதுவும் இல்லாமலே ஒருவரைச் சுவர்ச் சட்டம் அடிக்கவும் கூரை ஏற்றவும் விடலாம், சட்டம் குறுக்கே வராது. அதனால் ஒப்பந்தகாரர்கள் ஊரவரை 'உதவியாள்' என்ற பெயரில் எடுக்கிறார்கள், வேலை முடிந்ததும் விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்த உதவியாள் பதினைந்து ஆண்டுகளில் ஐந்து ஒப்பந்தகாரர்களிடம் வேலை செய்திருப்பார். நாற்பது வீடுகளில் அவருடைய ஆணி இருக்கும். ஆனால் ஒரு மணித்தியாலம்கூட அவர் பெயரில் எழுதப்பட்டிருக்காது. எங்கள் வகுப்புக்கு நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்திருந்தார். கூரைச் சாய்வை நான் கரும்பலகையில் கணக்கிட்டு முடிப்பதற்குள் மூலைமட்டத்தை எடுத்துப் பலகையில் கோடு கீறிவிடுவார். ஏட்டின்படி அவர் முதலாம் நிலை மாணவர். நம் நாட்டிலிருந்து எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்திறங்கிய எத்தனையோ மேசன் பாஸ்மாரும் தச்சு பாஸ்மாரும் கையில் தொழிலை வைத்துக்கொண்டு, தாள் இல்லாத காரணத்தால் உணவகங்களில் கோப்பை கழுவியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களுடைய தாள் கடலுக்கு அப்பால் தொலைந்தது. இவர்களுக்கோ தங்கள் சொந்த மண்ணிலேயே அந்தத் தாள் எழுதப்படவில்லை.

எனவே முதல் வேலையாக, ஆணி ஒன்று அடிப்பதற்கு முன்பே, ஆறு பேரையும், மாகாணத்தில் தொழிற் பயிலுநர்களைப் பதிவு செய்யும் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ அமைப்பில் பயிலுநர்களாகப் பதிவு செய்து, பயிற்சி ஒப்பந்தத்தில் உங்கள் நிறுவனத்தைப் பொறுப்பாளராகக் காட்டிக் கையொப்பமிடுங்கள். ஒவ்வொருவருக்கும் பயிற்சிப் பதிவேடு உண்டு. எந்தத் திறனைச் செய்து காட்டினார் என்பதைக் கற்பித்தவர் அதில் ஒப்பமிட்டு உறுதிப்படுத்த வேண்டும். அந்தப் பதிவேட்டை உங்கள் அலுவலக அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அது பயிலுநருடைய சொத்து. அவரிடமே இருக்கட்டும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அரை மணி ஒதுக்கி அவருக்கு முன்னால் அமர்ந்து நிரப்புங்கள். அந்த அரை மணியில், ஒருவர் மூன்று வாரமாகப் பலகை மட்டுமே சுமந்திருக்கிறார் என்றால் அது தாளில் வெறுமையாகத் தெரிந்துவிடும். உங்கள் மேற்பார்வையாளருக்கும் தெரியும்.

அவருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். 'இந்த வேலை பழக்கமில்லை' என்று அவர் சொன்னதை வட அமெரிக்கக் கட்டுமான வரலாறே மறுக்கிறது. மொன்றியலுக்கு எதிர்க்கரையில் உள்ள கானவாகே மொஹாக் மக்கள் 1886 இல் சென் லோறன்ஸ் ஆற்றின் மேல் கனேடியப் பசிபிக் இருப்புப்பாதைப் பாலம் கட்டப்பட்டபோது அந்த வேலைக்கு வந்தார்கள். அங்கிருந்து உருக்குக் கட்டுமானம் அவர்களின் குடும்பத் தொழிலாயிற்று. 1907 ஓகஸ்ட் 29 அன்று கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் இடிந்து 75 தொழிலாளர் இறந்தனர். அவர்களில் 33 பேர் அந்த ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். சிற்றூர் ஒன்று ஒரே பிற்பகலில் 33 ஆண்களை இழந்த பிறகும் அந்தத் தொழிலை விடவில்லை. அவர்களின் அடுத்தடுத்த தலைமுறைகள் நியூயோர்க்கின் வானளாவிகளை எழுப்பின. எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் பின்னர் உலக வர்த்தக மையத்திலும் மொஹாக் உருக்குத் தொழிலாளர் வேலை செய்தார்கள். அவர்களுடைய சங்கதி உங்கள் வடக்கு ஊர் மக்களுடையது அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொழியும் நிலமும் வேறு, ஒரு மக்களைக் கொண்டு மற்றவரை அளக்கக்கூடாது. நான் இதைச் சொல்வது அங்கே தொழில் எப்படிப் பழகப்பட்டது என்பதற்காக. தந்தை மகனுக்கும் மாமன் மருமகனுக்கும் ஒரே குழுவில் நின்று கற்பித்தார்கள். புதியவர் அந்நியர் நடுவே தனியாக விடப்படவில்லை. நீங்களோ இரண்டு இளைஞர்களைப் பதினைந்து பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு மூலையில் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இம்முறை ஆறு பேரை மூன்று சோடிகளாக வையுங்கள். ஒவ்வொரு சோடிக்கும் பொறுமையுள்ள ஒரு தச்சரைப் பொறுப்பாக்குங்கள். உங்கள் ஆட்களில் மிக வேகமானவரைத் தெரிவு செய்யாதீர்கள். வேகமானவர் கற்பிக்கத் தொடங்கினால் பாதியில் ஆயுதத்தைப் பறித்துத் தானே செய்து முடித்துவிடுவார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், இது கொஞ்சம் மனத்துக்கு நெருக்கமானது. உங்கள் குழுவில் இயல்பாகத் தமிழ்தான் பேசுவார்கள். அதில் பிழையில்லை, ஆனால் பயிலுநர் பக்கத்தில் நிற்கும்போது நாலு பேர் தமிழில் ஏதோ சொல்லிச் சிரித்தால், தன்னைத்தான் பேசுகிறார்கள் என்று அவர் எண்ணுவார். நாமும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மற்றவர் சிரிப்பை அப்படித்தானே எடுத்துக்கொண்டோம்? வேலைத்தளத்தில், பயிலுநர் காதுக்கு எட்டும் தூரத்தில், வேலை பற்றிய எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டில் உங்கள் மொழியைப் பற்றி அவர்களும் அவர்கள் மொழியைப் பற்றி நீங்களும் கேட்டுக்கொள்ளலாம்.

இனி அந்த முணுமுணுப்பு. சலுகை என்று சொல்லும் உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு செய்திகளைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஒன்று, நீங்கள் வேலை செய்யப்போகும் நிலத்தைப் பற்றியது. ஒன்பதாம் ஒப்பந்தம் 1905, 1906 ஆம் ஆண்டுகளிலும், வடக்கே எஞ்சிய பகுதிகளுக்கு 1929, 1930 ஆம் ஆண்டுகளிலும் கையொப்பமானது. ஒன்ராறியோவின் பெரும்பகுதி நிலம் அதன்கீழ் வந்தது. அதற்கு ஈடாக ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நான்கு டொலர் என்று எழுதினார்கள். அந்த நான்கு டொலர் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நான்கு டொலராகவே இருக்கிறது. அந்த நிலத்திலிருந்து எடுத்த மரத்திலும் பொன்னிலும் இந்த மாகாணம் வளர்ந்தது, அந்த வளர்ச்சியில்தான் நாமும் வந்து வீடு வாங்கினோம். அந்த ஊரில் கட்டப்படும் வீடுகளில் அந்த ஊரவருக்கு வேலை கேட்பது சலுகை ஆகாது.

இரண்டாவது செய்தி கனமானது. 'பயிற்சி' என்ற சொல்லைக் கேட்டதும் அந்த ஊரின் மூத்தோர் சிலர் முகம் இறுகுவதை நீங்கள் காணக்கூடும். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்து வைத்த வதிவிடப் பள்ளிகளில் பல காலம் அரைநாள் முறை நடைமுறையில் இருந்தது. வளர்ந்த பிள்ளைகள் அரைநாள் பாடம் படிப்பார்கள். மற்ற அரைநாள் தொழிற்பயிற்சி என்ற பெயரில் பள்ளியின் விறகு வெட்டுவது, வயல் வேலை செய்வது, தச்சுப் பட்டறையில் பள்ளிக்குத் தேவையானதைச் செய்வது, துணி துவைப்பது, தைப்பது என்று ஊதியமில்லாமல் உழைப்பார்கள். 1950களின் தொடக்கம் வரை இது நீடித்தது. பதினாறு வயதில் வெளியே வந்த பிள்ளைக்குப் படிப்பும் அரைகுறை, தொழிலும் அரைகுறை. அந்தப் பள்ளிகளில் கடைசியானவை 1990களின் பிற்பாதியில்தான் மூடப்பட்டன. ஆகவே, வெளியூரிலிருந்து ஒருவர் வந்து 'உங்கள் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குகிறேன்' என்று சொல்லிவிட்டு, அவர்களைப் பலகை சுமக்க வைத்தால், அந்த மூத்தோருக்கு எது நினைவுக்கு வரும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015 இல் வெளியிட்ட 94 செயல் அழைப்புகளில் 92 ஆவது வணிக நிறுவனங்களை நோக்கியது: பூர்வகுடி மக்களுக்கு வேலையும் பயிற்சியும் கல்வியும் சமமாகக் கிடைக்கச் செய்யவும், வளர்ச்சித் திட்டங்களின் பயன் அவர்களின் சமூகங்களில் நீண்டகாலம் நிலைக்கச் செய்யவும் அது கேட்கிறது. உங்கள் ஒப்பந்தத்திலுள்ள விதி இத்தகைய சிந்தனையிலிருந்து பிறந்தது.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். ஆட்களை நீங்களே தெரிவு செய்யாதீர்கள். ஊரின் தலைவரையும் சபையையும் அணுகி, அவர்களின் வேலைவாய்ப்பு, பயிற்சி அலுவலரோடு அமர்ந்து பேசுங்கள். இந்தப் பேச்சு பனிச்சாலை திறப்பதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். பூர்வகுடி மக்களுக்கான திறன், வேலைவாய்ப்புப் பயிற்சிக்கென மத்திய அரசு 2019 ஏப்ரல் முதல் நடத்தும் திட்டத்தின் நிதி, பூர்வகுடி அமைப்புகளின் கையாலேயே வழங்கப்படுகிறது. ஆயுதப் பெட்டி, பாதுகாப்புச் சப்பாத்து, பயணச் செலவு, படிக்கும் காலத்துக்கான உதவித்தொகை போன்றவற்றுக்கு அந்த அலுவலர் வழி காட்டுவார். உங்கள் விலைக்கூற்றிலிருந்து இந்தச் செலவுகளைச் சுரண்டிச் சேமிக்க முயல வேண்டாம், கேட்டால் கிடைக்கும். உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்புப் பயிற்சி 2015 முதல் இந்த மாகாணக் கட்டுமானத் தளங்களில் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதற்காக ஆறு பேரைத் தெற்கே அழைப்பதைவிட, பயிற்றுநர் ஒருவரை விமானத்தில் ஊருக்கு அழைத்துச் செல்லுங்கள்; அந்த வகுப்பில் உங்கள் ஆட்களும் காலாவதியான சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்ளலாம், இரு தரப்பும் முதல் நாளை ஒரே வாங்கில் கழித்தவர்களாகவும் ஆவார்கள்.

வேலை அட்டவணை போடும்போது ஊரின் நாட்காட்டியைக் கேட்டு அதன் மேல் உங்கள் நாட்காட்டியை வையுங்கள். வடக்கே வசந்தத்தில் வாத்து வேட்டைக்கும் இலையுதிர் காலத்தில் காட்டுமான் வேட்டைக்கும் குடும்பங்கள் காட்டுக்குப் போகும். ஆண்டு முழுவதற்குமான இறைச்சி அதில்தான் சேர்கிறது, கடையில் விற்கும் இறைச்சி விமானத்தில் வந்த விலையில் இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் அந்த வாரங்களில் உங்கள் ஆட்களுக்கு விடுப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். ஊரில் ஒரு மரணம் நேர்ந்தால் ஊரே வேலையை நிறுத்தும். எட்டுச் செலவு முடியும்வரை நாம் வீட்டை விட்டு அசையாதவர்கள். அவர்கள் நாலு நாள் வராததைக் குறையாக எழுத நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

வகுப்பறைக் கட்டம்தான் பலர் உடைந்து போகும் இடம். எட்டு வாரம் தண்டர் பேயில் இருக்க வேண்டும் என்றால் தெற்கில் வளர்ந்த நமக்கு அது பெரிய சங்கதியாகத் தெரியாது. ஆனால் 2000 முதல் 2011 வரையான காலத்தில், தொலைதூரச் சமூகங்களிலிருந்து அந்த நகருக்குப் படிக்க வந்த ஏழு முதற்குடி இளையோர் உயிரிழந்தார்கள். அது பற்றிய மரண விசாரணையின் நடுவர் குழு 2016 இல் 145 பரிந்துரைகளை அளித்தது. வடக்கில் இருக்கும் ஒவ்வொரு தாய்க்கும் அந்த ஏழு பிள்ளைகளைத் தெரியும். மகனை அங்கே அனுப்ப ஒரு தாய் தயங்கினால் அவர் படிப்பை மதிக்காதவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஆறு பேரையும் ஒரே கட்டத்தில், ஒன்றாகத் தங்கும்படி அனுப்ப ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஊரிலிருந்து ஒரு மூத்தவர் கூடப் போக முடியுமானால் இன்னும் நல்லது. அல்லது பூர்வகுடிகளே நடத்தும் கல்வி நிலையங்களில் எங்கே எது கற்பிக்கப்படுகிறது என்று கேட்டறியுங்கள். 2017 ஆம் ஆண்டின் பூர்வகுடி நிறுவனங்கள் சட்டம் அவற்றை மாகாணக் கல்வி அமைப்பின் ஓர் அங்கமாக ஏற்றிருக்கிறது. தண்டர் பேயிலும், மனிற்றூலின் தீவிலும், சிக்ஸ் நேஷன்ஸிலும், தையெண்டினாகாவிலும் அத்தகைய நிலையங்கள் இயங்குகின்றன. படிக்கும் எட்டு வாரத்துக்கும் பயிலுநருக்கு வேலையிழப்புக் காப்புறுதி கிடைக்க வழியுண்டு. அதற்குரிய படிவங்களை உங்கள் கணக்காளர் தாமதமில்லாமல் அனுப்ப வேண்டும். ஒரு படிவம் மூன்று வாரம் தாமதமானதால் கையில் காசில்லாமல் ஊர் திரும்பிய ஒரு நல்ல மாணவரை நான் இழந்திருக்கிறேன். அவரை அனுப்பிய நிறுவனத்துக்கு அது ஒரு மறதி.

வகுப்புக்குப் போகும் முன் கணக்கைத் தளத்திலேயே தொடங்கிவிடுங்கள். கனடாவின் பள்ளிகள் பிள்ளைகளுக்கு மீற்றரில் கற்பிக்கின்றன. தளத்திலோ எல்லாம் அடியும் அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும். நன்றாகப் படித்த பிள்ளையும் அளவுநாடாவைப் பிடித்தபடி திகைத்து நிற்பது இதனால்தான், அவருடைய அறிவுக் குறையால் அன்று. நம் ஊர்ப் பாஸ்மார் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்த முறையை என் வகுப்பில் நான் சொல்வதுண்டு. அங்குலத்தை முதலில் இரண்டாக, பிறகு நான்காக, பிறகு எட்டாக மடித்த ஒரு காகிதக் கீற்றைக் கையில் கொடுத்தால், பின்னக் கணக்கு ஒரே பிற்பகலில் விளங்கிவிடும். மூன்று, நான்கு, ஐந்து என்ற பக்க அளவுகளால் செங்கோண மூலை பிடிக்கக் கற்ற பிறகு பைதகரஸ் யாரையும் பயமுறுத்துவதில்லை.

எட்டு வீடுகள் உங்கள் கையில் இருப்பது பெரிய வாய்ப்பு, ஏனெனில் ஒரே வேலை எட்டு முறை திரும்ப வருகிறது. முதல் இரண்டு வீடுகளில் உங்கள் தச்சர்கள் செய்யட்டும், பயிலுநர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றிலும் கைகொடுக்கட்டும். அடுத்த ஐந்தில் பயிலுநர் செய்ய, தச்சர் பார்த்துத் திருத்தட்டும். கடைசி வீட்டைச் சுவர்ச் சட்டம் முதல் கூரை வரை ஆறு பேரும் தாங்களாகவே எழுப்ப வேண்டும். உங்கள் மேற்பார்வையாளர் கையைப் பையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வீட்டுக்கு நாட்கள் கூடும். எத்தனை நாள் கூடும் என்பதை இப்போதே கணக்கிட்டு முதன்மை ஒப்பந்தகாரரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கற்பிக்கும் நேரத்துக்கு விலை போடாத ஒப்பந்தங்களில் கற்பித்தல் நடப்பதில்லை என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

எதைக் கற்பிப்பது என்று கேட்டால், சட்டம் அடிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 2021 குடிசன மதிப்பீட்டின்படி கனடாவின் பூர்வகுடி மக்களில் 16.4 சதவீதத்தினர் பெருந்திருத்தம் தேவைப்படும் வீடுகளில் வாழ்ந்தார்கள். ஏனையோரில் அது 5.7 சதவீதம். வடக்கில் வீடுகளைத் தின்பது ஈரம். வெளியே பாகை சுழியத்துக்குக் கீழே நாற்பது, உள்ளே ஒரே வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் சமைத்துக் குளித்து மூச்சு விடுகிறார்கள். அந்த ஈரக் காற்று சுவரின் ஆவித் தடுப்புத் தாளில் ஆணி அளவு ஓட்டை கிடைத்தாலும் உள்ளே புகுந்து, குளிர்ந்த பலகையில் பட்டு நீராகி, சுவருக்குள் இருக்கும் வெப்பக் காப்புப் பஞ்சை நனைத்து, இரண்டு மூன்று குளிர்காலங்களில் பூஞ்சணம் பிடிக்க வைக்கிறது. அதன்பின் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இருமல் நிற்பதில்லை. ஆகவே ஆவித் தடுப்புத் தாளை ஒட்டும் வேலையையும், மின்பெட்டியையும் குழாயையும் சுற்றிக் காற்றடைக்கும் வேலையையும் அவசரத்தில் யாரோ ஒருவர் செய்து முடிக்கும் வேலையாக விடாமல், ஆறு பேரும் தனித்தனியே செய்து பதிவேட்டில் ஒப்பம் பெறும் பாடமாக வையுங்கள். வெப்பத்தை இழக்காமல் காற்றை மாற்றும் கருவியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவவும், வெளிக்குழாயில் படியும் பனியை அகற்றவும், உள்வரும் காற்றும் வெளியேறும் காற்றும் சமநிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கவும் அந்தக் கருவியைப் பொருத்துபவரிடம் கேட்டு அவர்களுக்குக் காட்டுங்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகு வரும் முதல் ஜனவரியில் அந்தக் கருவி நின்றுபோனால், தெற்கிலிருந்து ஒரு தொழிலாளி பறந்து வருவதற்கான செலவை எந்தக் குடும்பத்தாலும் தாங்க முடியாது. அந்த ஆறு பேரில் ஒருவர் அடுத்த வீட்டிலிருந்து நடந்து வந்து திருத்துவார். பொருள் பட்டியல் போடும்போதும் அவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பனிச்சாலை திறந்திருக்கும் சில வாரங்களுக்குள் ஏற்ற மறந்த ஒரு பெட்டித் திருகாணி, ஜூலையில் விமானக் கட்டணத்தோடு வந்து இறங்கும் என்பதை அவர்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள்.

1,000 மணித்தியாலங்களுக்குப் பிறகு என்ன என்பது அடுத்த கேள்வி. அதை நீங்கள் தனியே தீர்க்க முடியாது. ஆனால் சபையோடு பேசும் முதல் கூட்டத்திலேயே அதை மேசையில் வைக்கலாம். ஊரின் வீடமைப்புப் பிரிவு குளிர்காலத்தில் செய்யும் உள்வேலைகளும் பழைய வீடுகளின் திருத்தங்களும் பள்ளிக் கட்டடப் பராமரிப்பும் முறையான மேற்பார்வையோடு நடந்தால் அவையும் பயிலுநர் மணித்தியாலங்களாகும். அவற்றைக் கற்பித்து ஒப்பமிட ஊரிலேயே தகுதியுள்ள ஒருவர் வேண்டும். நான் முன்பு சொன்ன அந்த நாற்பது வயதுக்காரரைப் போன்றவர்கள் அந்த ஊரிலும் இருப்பார்கள், தேடுங்கள். நீண்ட அனுபவம் உள்ளவர், செய்த வேலைகளுக்குச் சான்று காட்டி, பயிலுநர் காலத்தைக் கடக்காமலே தேர்வு எழுத விண்ணப்பிக்கும் வழி ஒன்ராறியோவில் உண்டு. நம்மவர் பலர் அந்த வழியாகத்தான் சான்றிதழ் பெற்றார்கள். பழைய ஒப்பந்தகாரர்களிடமிருந்து கடிதம் வாங்குவதும் வேலை விவரங்களைத் தொகுப்பதும் சலிப்பூட்டும் அலுவலக வேலை. உங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒருவரை ஒரு வாரம் ஒதுக்கிக் கொடுத்தால், எட்டு வீடுகளைவிடப் பெரிய ஒன்றை அந்த ஊருக்குக் கட்டிக் கொடுத்தவராவீர்கள் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

வடக்கில் இப்போது இதற்குரிய காலமும் கனிந்திருக்கிறது. 24 முதற்குடிகள் பெரும்பான்மை உரிமையாளராக இருக்கும் வற்றேனிக்கனேயாப் மின்தொடர் ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் நீளத்துக்கு இழுக்கப்பட்டு, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த 17 சமூகங்களை மாகாண மின்வலையோடு சேர்ப்பதற்காகக் கட்டப்பட்டது. டீசல் எந்திரம் தாங்கும் அளவை மீறியதால் கட்டிய வீட்டுக்கும் மின்னிணைப்புக் கொடுக்க முடியாமல் இருந்த ஊர்கள் அங்கே இருந்தன. அந்தத் தடை நீங்கிய ஊர்களில் வீடுகள் எழும். தச்சர்களும் மின்னிணைப்பாளர்களும் தேவைப்படுவார்கள். அந்தத் திட்டத்தில் சமூகங்களே உரிமையாளர்களாக இருந்ததால், தங்கள் பிள்ளைகளுக்கான பயிற்சியைத் தாங்களே திட்டமிட்டார்கள். உங்கள் வேலையிலும் பயிற்சியின் உரிமை ஊரிடம் இருக்கட்டும். நீங்கள் கற்பிப்பவராக மட்டும் இருங்கள்.

முடிக்குமுன், சென்ற கோடையில் உங்களிடம் வந்த அந்த இரண்டு இளைஞர்களைப் பற்றி. ஐந்து வாரம் ஒழுங்காக வந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சம்பளப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார், என்ன செய்தார் என்பதை நிறுவனத்தின் கடிதத்தாளில் உண்மையாக எழுதிக் கையொப்பமிட்டு இருவருக்கும் அனுப்புங்கள். பயிலுநராகப் பதியாத காலம் என்பதால் அந்த மணித்தியாலங்கள் ஏற்கப்படுமா என்பதைப் பதிவு செய்யும் அலுவலர்தான் முடிவு செய்வார். ஆனால் கடிதம் இல்லாமல் அவர் முடிவு செய்வதற்கே ஒன்றும் இருக்காது. அதோடு ஒரு தொலைபேசி அழைப்பும் எடுங்கள். அவர்களுக்குக் கற்பிக்காமல் விட்டது உங்கள் பிழை என்று சொல்லுங்கள், ஆறு இடங்களில் இரண்டு அவர்களுக்காக இருக்கிறது என்றும் சொல்லுங்கள். வருவார்களா என்பது அவர்கள் விருப்பம். சபையோடு உங்கள் முதல் கூட்டத்துக்கு முன்னரே இந்த அழைப்பை எடுத்துவிடுவது நல்லது. அந்த ஊர்கள் ஒன்றுக்கொன்று உறவு, உங்களிடம் இருவர் ஐந்து வாரம் பலகை சுமந்த செய்தி நீங்கள் போகும் ஊருக்கு ஏற்கனவே போய்ச் சேர்ந்திருக்கும்.